மாயக்காளின் கட்டன்

போடிமெட்டு
9-7-1978

அன்புள்ள அக்காவுக்கு,

வேலுத்தாய் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். மழை விட்டபாடில்லை, அதனால் கடிதம் நமுத்துப்போய் வந்தால் தபால்காரரைக் கோபித்துக்கொள்ளாதே. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கல்லூரி மாடிப்படிகளை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாயா?

ஆவணியில் மாயக்காளுக்குக் காது குத்துவதாக எழுதியிருந்தேன். அதைத் தள்ளி வைத்திருக்கிறோம். பிள்ளை சரியில்லை. இரண்டு வயது முடியப்போகிறது, ஓடித் திரிந்த பிள்ளை இப்போது நாலு எட்டு வைத்ததும் உட்கார்ந்துகொள்கிறாள். உதடும் நகமும் வெளுத்துவிட்டன. சுவர் மண்ணைப் பிய்த்துத் தின்கிறாள். போடியில் டாக்டரிடம் காட்டினோம். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ஊசி குத்தும்போது அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ரத்தம் மிகவும் குறைவு என்று இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமாம்.

பகலில் ஆயம்மாள் அவளைப் பார்த்துக்கொள்கிறாள். எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளையெல்லாம் லயத்துக் கடைசி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள், நல்ல மனுஷி. எனக்கும் சின்னச் சின்னச் சோலி இருக்கிறது.

தாளின் ஓரத்தில் விரல் பழுப்பாகப் பதிந்துவிட்டது. விளக்குக் கரி, வேறொன்றுமில்லை.

உன் தங்கை,
வேலுத்தாய்

*

மதுரை
16-7-1978

வேலுத்தாய்க்கு,

கடிதம் உலர்ந்தே வந்தது. முழங்கால் பழையபடிதான், அதைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம்.

டானிக்கை ஒரு வேளையும் தவறவிடாதே. கொடுத்தோம் என்று இருந்துவிடாதே, உள்ளே போகிறதா என்று பார். மண் தின்றால் அடிக்காதே. உடம்பில் எதுவோ குறைவதால் தின்கிறாள், குறும்பால் அல்ல. அவள் நாள் முழுதும் என்ன சாப்பிடுகிறாள் என்று விவரமாக எழுது. டாக்டர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

சின்னச் சின்னச் சோலி என்றால் என்ன சோலி? உன் கல்யாணத்தன்று நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஏலக்காட்டு வேலைக்குப் போகாதே, விட்ட படிப்பைத் தபால் வழியில் முடி என்றேன். தலையாட்டினாய். நான் அனுப்பிய புத்தகக் கட்டைப் பிரித்தாயா?

உன் வீட்டுக்காரர் காசிமாயனை ஸ்டோர் புகையில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாமென்று சொல். ஏலக்காயை அவர் உலர்த்தட்டும், ஏலக்காய் அவரை உலர்த்த வேண்டாம்.

பாண்டியம்மாள்

*

போடிமெட்டு
22-8-1978

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பற்றிக் கேட்கக் கூடாதென்று சொல்லிவிட்டாய், அதனால் கேட்கவில்லை. இங்கே பெரியவர்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம்.

டானிக் ஒரு மாதம் முழுதும் கொடுத்தாயிற்று. ஒரு வேளை தவறவில்லை. ஆனால் நேற்றுப் போடியில் ரத்தம் பார்த்தபோது முன்பைவிட இறங்கியிருக்கிறது. டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மதுரைக்குக் கொண்டுபோங்கம்மா, அங்க எல்லாச் சோதனையும் பாத்துரலாம்” என்றார். எல்லாச் சோதனையும் என்றால் என்னென்ன என்று கேட்க வாய் வரவில்லை. அடுத்த வாரம் வருகிறோம்.

நீ கேட்ட விவரம்: காலையில் இட்லி. பதினோரு மணிக்குப் பால். மதியம் நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறு, ஒரு முட்டை. ராத்திரி கேழ்வரகுக் கூழ். பகல் சாப்பாட்டையும் டானிக்கையும் ஆயம்மாளிடம் தூக்குவாளியோடு கொடுத்துவிடுகிறேன். இதற்கு மேல் ஒரு பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன.

உன் தங்கை,
வேலுத்தாய்

*

மதுரை
12-9-1978

வேலுத்தாய்க்கு,

நீங்கள் நல்லபடி மலையேறியதாகக் காசிமாயன் போட்ட கார்டு கிடைத்தது. இங்கே எல்லாம் சரியாகவே இருக்கிறது.

சோதனை முடிவுகளை வாங்கிவந்தேன். மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. அந்த இயந்திரத்துக்கு டாட்டா காட்டிய முதல் குழந்தை இவள்தான் என்று எக்ஸ்ரே எடுத்தவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் இடுப்பில் புதிதாக ஒரு மந்திரித்த கயிறு ஏறியிருந்ததைப் பார்த்தேன். இருந்துவிட்டுப் போகட்டும், அது எதற்கும் குறுக்கே வராது.

மலச் சோதனைதான் கேலிக்கூத்தாகிவிட்டது. குப்பியைக் கழுவிக் கொண்டுவா என்றால், கொதிக்க வைத்து, டெட்டால் ஊற்றிக் குலுக்கி, போதாததற்கு நாற்றம் வரக் கூடாதென்று ஏலக்காயும் இடித்துப் போட்டுக் கொண்டுவந்தாயே. லேபில் இருந்தவர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு என்னிடம் சொன்னதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. “டீச்சரம்மா, இதுல பூச்சி இருந்திருந்தாலும் சந்தோசமாச் செத்துப் போயிருக்கும். பாயாச வாசம் அடிக்குது.” மறுநாள் எடுத்ததில் பூச்சி எதுவும் இல்லை.

ஆகவே பூச்சியும் காரணமில்லை. ஒரு மாதம் இரும்புச்சத்துக் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை என்பதால் வேறு எதையோ தேட வேண்டும் என்கிறார் இங்கே ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டாக்டரம்மா.

நீ எழுதிய பட்டியல் நீ கொடுப்பது. நான் கேட்டது அவள் சாப்பிடுவது. பகலில் நீ அவள் பக்கத்தில் இருக்கிறாயா, இல்லையா?

பாண்டியம்மாள்

*

போடிமெட்டு
3-10-1978

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். இங்கே சுகம்தான், குளிர்தான் தாங்கவில்லை.

போன வாரம் மறுபடி வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனோமே, அன்றைக்கு நீ கல்லூரியில் இருந்தாய். ஊசிக்காரரைப் பார்த்ததும் அவளே கையை நீட்டிவிட்டாள். இனிமேல் அழுது பயனில்லை என்று தெரிந்துகொண்டாள் போல. பஸ்சு தேனி தாண்டும்வரை அந்தக் கையைத் தடவிக்கொண்டே வந்தேன். மாயி அப்பா என் மடியில் ஒரு பொட்டலம் வறுகடலை வைத்தார். அவருக்கு வேறு என்ன செய்யத் தெரியும்.

தூக்குவாளி தினமும் காலியாகத்தான் திரும்பி வருகிறது. உன் கேள்விக்கு அதுதான் பதில். உன் கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். “மதினி கேட்குற கேள்விக்கு வக்கீல் வச்சுத்தேன் பதில் சொல்லணும்” என்கிறார்.

அடுத்து என்ன சோதனை? எதற்காக?

உன் தங்கை,
வேலுத்தாய்

*

மதுரை
8-10-1978

வேலுத்தாய்க்கு,

எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் குளிருக்குக் கம்பளி வாங்குங்கள்.

பதினெட்டாம் தேதி அவளை அழைத்து வா. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசி போட்டுக் கொஞ்சம் மஜ்ஜை எடுப்பார்கள். ரத்தம் உண்டாவது அங்கேதான். அந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதற்கு. அவ்வளவுதான்.

போடியில் யாரிடமும் இதைப் பற்றி விளக்கம் கேட்காதே. கம்பவுண்டர்கள் தெரியாததையும் தெரிந்தது போலச் சொல்லுவார்கள். முடிவு வரும்வரை பிள்ளை என்னிடம் இருக்கட்டும். அடிக்கடி பார்க்க வேண்டுமென்கிறார் டாக்டரம்மா. அந்தப் பாதையில் இவளைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவது நல்லதல்ல. நான் விடுப்பு எடுக்கிறேன். எனக்கு நிறைய விடுப்பு இருக்கிறது, இத்தனை வருடத்தில் எடுக்கும்படி எதுவும் நேரவில்லை.

பாண்டியம்மாள்

*

போடிமெட்டு
25-10-1978

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். இவருக்கு மதுரையில் வந்த காய்ச்சல் விட்டுவிட்டது. பிள்ளை உன்னைப் படுத்துகிறாளா? தூங்கும்போது என் பழைய சேலையைக் கையில் கொடு.

ஊசி போட்டபோது நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், நீ காலைப் பிடித்துக்கொண்டாய். நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஜன்னலில் ஒன்றுமே இல்லை, நானும் பார்த்தேன். அவள் கடித்த தடம் என் விரலில் இருக்கிறது. அது ஆறிவிட வேண்டாம் போலிருக்கிறது.

முடிவு வந்ததும் எழுது. தந்தி வேண்டாம். இங்கே தந்தி வந்தால் ஜீப்பு ஓட்டும் பெரியகருப்பன் அண்ணன் வாங்கிப் படித்துவிட்டுத்தான் கொண்டுவருவார். அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. உன் எழுத்தில் வரட்டும்.

வேலுத்தாய்

*

மதுரை
1-11-1978

வேலுத்தாய்க்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பயப்படும்படியான நோய் எதுவும் அவளுக்கு இல்லை. இந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே படி.

மஜ்ஜை நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதில் இரும்புச்சத்து துளிகூட இல்லை. டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். “ஒரு மாதம் டானிக் கொடுத்தது உண்மைதானா?” என்று கேட்டார். என் தங்கை பொய் சொல்ல மாட்டாள் என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன் போல. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மறுபடி அதே டானிக்கைக் கொடுத்துப் பாருங்கள், உங்கள் கண் முன்னால் கொடுங்கள் என்றார்.

மாலை கரண்டியை நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டாள். அந்த நேரம் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் இருந்த காலம் தொட்டு நான் பால் சேர்ப்பதில்லை, உனக்குத் தெரியும். என் தம்ளரைக் காட்டி, “கட்டன்ல ஊத்து” என்றாள். மலையாளத்தார் பாலில்லாத தேநீரை அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். டானிக்கை ஏன் அதில் ஊற்றச் சொல்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. ஊற்றிப் பார்த்தேன்.

தம்ளர் முழுதும் மையாய்க் கறுத்துவிட்டது.

தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். முந்தைய காலத்தில் எழுதும் மையையே ஏறக்குறைய இந்த வழியில்தான் செய்தார்கள். வருடந்தோறும் முதலாண்டு மாணவிகளுக்குச் சோதனைக் குழாயில் இதைக் காட்டிவருகிறேன், அவர்களும் வருடந்தோறும் கொட்டாவி விடுகிறார்கள். தேநீரோடு சேர்ந்த இரும்பு உடம்பில் ஒட்டாது. உன் பிள்ளை ஒரு மாதம் மை குடித்திருக்கிறாள்.

தம்ளரைத் தட்டால் மூடி, ஒரு கையில் அதையும் ஒரு கையில் அவளையும் பிடித்துக்கொண்டு ரிக்சாவில் டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். செருப்பு மாட்டவில்லை என்பதை அங்கே போய்த்தான் கவனித்தேன். அவர் தம்ளரைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், சிரித்துவிட்டார். டானிக்கை மட்டுமல்ல, சோற்றிலுள்ள சத்தையும் தேநீர் ஒட்டவிடாதாம். வயிறு நிறையக் குடித்தால் சோறும் இறங்காது.

நான் எச்சரிக்கையாக இல்லாத நேரத்தில் அவள் என் மிச்சத் தேநீரை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, நாள் முழுதும் மண்வெட்டி பிடித்தவள் போலப் புறங்கையால் வாயைத் துடைக்கிறாள். இது ஒரு நாளில் வந்த பழக்கமல்ல. அங்கே இவளுக்குத் தேநீர் கொடுப்பது யார்?

பாண்டியம்மாள்

*

போடிமெட்டு
22-11-1978

அன்புள்ள அக்காவுக்கு,

கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டது. தபால் கீழேயே கிடந்து, உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இத்தனை நாளும் நான் எப்படி இருந்தேன் என்று எழுதப் போவதில்லை. நீ சொன்ன வரியை இன்னொரு முறை அல்ல, சாயங்காலம்வரை படித்தேன். பெரியகருப்பன் அண்ணன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். நான் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

உடனே ஆயம்மாளிடம் போனேன். “குளுருல புள்ள நடுங்குதேன்னு ரெண்டு மடக்குக் கொடுப்பேன் தாயி. வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டுத்தேன். டானிக்கத் துப்பித் துப்பி விட்டா. கட்டன்ல ஊத்துனா மடமடன்னு குடிச்சுப்புட்டா. கறுகறுன்னு வரவும், மருந்து நல்லா எறங்குதுன்னுல்ல நெனச்சேன்” என்றாள். தூக்குவாளிச் சோறு? “அவ ரெண்டு வாய்க்கு மேல திங்க மாட்டா. மத்ததுக திங்கும். முட்டைய வீணாக்க முடியுமா?” அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஏன் கொழுகொழுவென்று இருக்கின்றன என்று இப்போது புரிகிறது.

அதோடு முடியவில்லை. இவரிடம் கேட்டேன். “ஸ்டோருக்கு வந்தா ரெண்டு மடக்குத் தருவேன், அவ்வளவுதேன்.” பெரியகருப்பன் அண்ணனைக் கேட்டேன். “ஜீப்புல ஏத்துனா ரெண்டு மடக்கு. இல்லாட்டி எறங்க மாட்டேங்குறா ஆத்தா.” டீக்கடைக்காரர் ரெண்டு மடக்கு. காவல்காரர் சோணை ரெண்டு மடக்கு. எல்லோருக்கும் ரெண்டு மடக்குத்தான். ஒவ்வொருவரும் தான் மட்டுமே கொடுப்பதாக நினைத்திருக்கிறார்கள். நான் பகலில் வீட்டில் இல்லாததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆயம்மாள் அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பிள்ளைக்குக் குளிரக் கூடாதென்று நினைத்தவர்களிடம் என்னவென்று சண்டை போடுவது?

இன்னொன்று. எலும்பு ஊசி எந்த நோய்க்காகப் போடுவார்கள் என்று போடி கம்பவுண்டர் புரட்டாசியிலேயே பெயரோடு சொல்லிவிட்டார். நீ மறைத்து எழுதியதைப் பார்த்ததும், எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் நீ உடைந்துபோவாய் என்று தோன்றியது. அதனால் தெரியாதவள் போலவே எழுதினேன்.

பாதை திறந்ததும் இவர் பிள்ளையை அழைத்துவர வருவார்.

உன் தங்கை,
வேலுத்தாய்

*

மதுரை
4-12-1978

வேலுத்தாய்க்கு,

காசிமாயனும் பிள்ளையும் இன்று காலை பஸ் ஏறினார்கள். கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்திருப்பார்கள். டானிக்கை ஆரஞ்சுச் சாற்றோடு கொடு. கட்டன் வேண்டவே வேண்டாம், ரெண்டு மடக்கும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே, அது டானிக்கால் வருவது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நானே டாக்டரம்மாவுக்கு ஆளனுப்பிவிட்டேன். அவர் வீட்டில் இப்போது என் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்களாம்.

நான் உடைந்துபோகிற ஆள் இல்லை.

சமையலறைச் சுவரில் அவள் பிய்த்துத் தின்ற இடம் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளமாக இருக்கிறது. பூச வேண்டும். கொத்தனார் யாரும் கிடைக்கவில்லை. அவசரமும் இல்லை.

பாண்டியம்மாள்

*

போடிமெட்டு
10-1-1979

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். இந்த முறை எல்லோரும் என்றால் எல்லோரும்தான். போடியில் ரத்தம் பார்த்தோம், பாதிக்கு மேல் ஏறிவிட்டது. டாக்டர் இமையை இழுத்துப் பார்க்கப் போனதற்கு இவள் அவர் மூக்கைப் பிடித்து இழுத்துவிட்டாள். ஊசி போட்டதும் மலையே கேட்கும்படி அழுதாள். எனக்கு என்ன சந்தோஷம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆயம்மாள் இப்போது வெறும் வெந்நீரில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ‘வெள்ளைக் கட்டன்’ என்று சொல்லிக் கொடுக்கிறாள். மாயக்காள் ஒரு வாய் குடித்துவிட்டு அவளைச் சந்தேகமாகப் பார்க்கிறாள். பார்வை அப்படியே உன்னுடையது.

தை கடைசி ஞாயிற்றுக்கிழமை காது குத்து. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், நம்மோடு ஆண்பிள்ளை பிறக்கவில்லை. பங்காளி முறையில் தேவாரம் ஊரிலிருந்து ஒருவரைக் கூப்பிடலாம் என்றார்கள். நான், அக்கா மடியில்தான் என்றேன். இவருடைய அத்தை முனியாயி, “பொம்பள மடியில வச்சுக் குத்துறதா? ஊரு சிரிக்காது?” என்று கேட்டார். அதற்கு இவர், “சிரிக்கட்டும் அத்த. செருப்பில்லாமத் தெருவுல ஓடுன மாமன் வேற எவன் இருக்கான்?” என்றார்.

நீ வருவாயா? உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையென்று தெரியும்.

உன் தங்கை,
வேலுத்தாய்

*

மதுரை
17-1-1979

வேலுத்தாய்க்கு,

காது குத்துவதால் குழந்தைக்கு எந்த நன்மையும் உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுக்கச் சொல். டெட்டால் ஊற்றலாம், ஏலக்காய் தேவையில்லை.

காது குத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம் போடிக்கு வந்துவிடுவேன். பெரியகருப்பனை ஜீப்போடு நிற்கச் சொல். மாமன் என்ன கொண்டுவர வேண்டும் என்று இங்கே இரண்டு பேரிடம் விசாரித்தேன், இரண்டு விதமாகச் சொன்னார்கள். இரண்டையும் வாங்கிவிட்டேன். பட்டுப்பாவாடை கொஞ்சம் நீளமாக இருக்கிறது. வளர்வாள்.

எனக்கு முழங்கால் மடங்காது. மணையில் உட்கார முடியாது, நாற்காலி போடச் சொல். மடி ஒன்றுதான், அது நாற்காலியில் இருந்தாலென்ன என்று முனியாயி அத்தையிடம் சொல்.

பாண்டியம்மாள்

பி.கு. காய் எடுக்கப் போகும் முன் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். ஏலக்காய்ச் சாறு கறையாகப் பிடிக்காது. உன் பழைய கடிதத்தின் ஓரத்தில் பதிந்தது விளக்குக் கரியாக இருந்தால் சோப்புப் போட்டாலே போயிருக்கும்.